கிழிந்த கைப்பிரதி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். சுவிசேஷம் சொல்லப் போகிற இடத்தில் வரும் எதிர்ப்பைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எதிர்ப்பு வந்தாலே ஊழியம் சரியான வழியில் போகிறது என்று அர்த்தம் என்கிறார் கட்டுரையாளர். எப்போதும் அப்படிச் சொல்லிவிட முடியுமா?

போன வருஷம் எங்கள் சபை வாலிபர்கள் இரண்டு பேரோடு பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்டில் கைப்பிரதி (சுவிசேஷத் துண்டுப் பிரசுரம்) கொடுத்துக்கொண்டிருந்தேன். சுக்குக் காபி விற்கிறவர் ஒருவர் வாங்கித் தலைப்பைப் பார்த்தார். நாலாகக் கிழித்துக் கீழே போட்டுவிட்டு, "உங்க சாமிய உங்க வீட்டோட வச்சுக்கோங்க" என்று சத்தம் போட்டார். உடனே எங்கள் பையன் ஒருவன் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்துவிட்டான். அதுவரை கோபப்பட்டது ஒரே ஆள். போன் வெளியே வந்ததும் பத்துப் பேர். பையனின் கையைப் பிடித்து போனை உள்ளே வைக்கச் சொன்னேன். "மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்று சொல்லி, கிழிந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

மறு வாரம் தனியாகப் போய்க் காபி குடித்தேன். அதற்கு அடுத்த வாரம்தான் மனிதர் வாயைத் திறந்தார். அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டில் கட்டிலாக ஜெபம் பண்ண வந்த யாரோ, வீட்டிலிருக்கும் சாமி படங்களை எடுத்துப் போட்டால்தான் சுகம் கிடைக்கும் என்றார்களாம். அம்மா பிழைக்கவில்லை. "படத்த எடுக்காததாலதான் போயிட்டாளோன்னு என் தங்கச்சி இன்னமும் அழுதுட்டு இருக்கா" என்றார். இதற்கு எந்த வசனத்தைச் சொல்வது? நான் ஒன்றும் சொல்லவில்லை.

நானும் யோக்கியன் இல்லை. வாலிபத்தில், தைப்பூசத்துக்குப் பச்சை வேட்டி கட்டித் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் கையில் கைப்பிரதியைத் திணித்தவன்தான். கொப்புளம் வெடித்த காலோடு ஒருவர் முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. அன்றைக்கு அதை உபத்திரவம் என்று ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொன்னேன். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு 'சாந்தத்தோடும் வணக்கத்தோடும்' உத்தரவு (பதில்) சொல்லுங்கள் என்று பேதுரு எழுதுகிறார். முதலில், அவர்கள் கேட்க வேண்டுமே! இயேசுவை ஏற்றுக்கொள்ளாத சமாரியர் கிராமத்தின் மேல் வானத்திலிருந்து அக்கினி இறங்கட்டுமா என்று கேட்ட சீடர்கள் யாக்கோபும் யோவானும் அவரிடம் திட்டுத்தான் வாங்கினார்கள். அப்புறம் எல்லோரும் வேறொரு கிராமத்துக்குப் போனார்கள். லூக்கா அதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்.

அதற்காக அடி விழுந்தாலும் பேசாமல் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அதே சமயம், அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் சொல்லிவிட்டது. இரண்டையும் நம் ஊழியர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கைகலப்பு என்றால் போலீசுக்குப் போங்கள், வாட்ஸ்அப்புக்குப் போகாதீர்கள்.

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் இரண்டு மகன்களும் ஜீப்புக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்றார் அவர் மனைவி கிளாடிஸ். வழக்கு அதன் பாட்டுக்கு நடந்தது. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011-ல் உறுதி செய்தது. அந்த அம்மாவோ சம்பவத்துக்குப் பிறகும் சில வருஷங்கள், அவர்கள் ஊழியம் செய்த பாரிபதாவிலேயே தங்கித் தொழுநோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். நம் வாலிபர் கூட்டங்களில் ஸ்டெயின்ஸ் செத்த கதையைச் சொல்கிற அளவுக்கு, கிளாடிஸ் அங்கேயே இருந்த கதையை யாரும் சொல்வதில்லை.

காபிக்காரர் இப்போதும் அதே இடத்தில்தான் நிற்கிறார். என்னைக் கண்டால் சீனி குறைவாகப் போட்டு ஒரு டம்ளர் நீட்டுவார். கைப்பிரதியை இன்றுவரை வாங்கவில்லை. நானும் நீட்டவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாசரேத்.