வசாய் கோட்டையில் மரம் வெட்டப் புறப்படும் தன்னார்வக் குழுக்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

மழை ஓய்ந்ததும் அரிவாளும் கடப்பாரையுமாக, மும்பைக்கு வடக்கே கடலோரத்திலுள்ள வசாய் கோட்டைக்குள் இறங்குகிறீர்கள். உங்கள் அக்கறையை மதிக்கிறோம். கடப்பாரையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

மதிலைப் பிளப்பது அரசமரம்தான். இன்று பல இடங்களில் அதைத் தாங்கிப் பிடித்திருப்பதும் அதே மரம். வெளியே தெரிவது செதுக்கிய கல். உள்ளே உடைகல்லும் சுண்ணாம்புக் காரையும். காரை இளகிய இடுக்கில் வேர் நுழைந்து பருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் கல்லும் கூடவே வரும். விரல் பருமன்கூட இல்லாத கன்றைக் கையால் பிடுங்கலாம். முற்றிய மரமானால் அடியோடு அறுத்து, மீண்டும் துளிர்க்காமல் மருந்திட்டு, வேரை உள்ளேயே சாகவிட வேண்டும். வேர் மக்கினால் பொந்து விழும், அதில் மழைநீர் இறங்கும். ஆகவே பொந்தை அடைக்கக் கொத்தனாரும் காரையும் தயாராகும்வரை ரம்பத்தைத் தொடாதீர்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இது பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால், தொல்லியல் துறையின் எழுத்துமூல அனுமதியும் வேண்டும்.

சிமென்ட் கூடவே கூடாது. அது ஈரத்தை வெளியேற விடாது. கடற்காற்றின் உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி, கல்லின் முகத்தை உரித்துவிடும்.

விழுந்த கற்களை அழகாக அடுக்கி வைப்பதும் கெடுதல்தான். 1534இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா இந்த ஊரைப் போர்த்துகீசியரிடம் ஒப்படைத்தார். 1739இல் சிமாஜி அப்பாவின் மராட்டியப் படை சான் செபஸ்தியான் கொத்தளத்தின் அடியில் வெடிமருந்து வைத்துத் தகர்த்து, கோட்டையைக் கைப்பற்றியது. 1780இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். எந்தக் கல்லை வெடி பெயர்த்தது, எதை வேர் தள்ளியது என்பதை அது கிடக்கும் இடத்தை வைத்துத்தான் ஓரளவு சொல்ல முடியும். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் முதலில் படமெடுத்து, இடத்தைக் குறித்து, எண்ணிடுங்கள்.

கோட்டைக்குள் இருக்கும் பிரான்சிஸ்கன் துறவியரின் தேவாலயத் தரையில் போர்த்துகீசிய எழுத்துள்ள கல்லறைப் பலகைகள் பதிந்திருக்கின்றன. அவற்றுக்கு மென்மையான தூரிகையும் வெறும் தண்ணீரும் போதும். கம்பித் தூரிகையும் அமிலமும் வேண்டாம். எழுத்து தெரியட்டும் என்று பெயின்ட் பூசாதீர்கள்.

காரை வேலைக்கு ஏற்ற காலம் மழை விட்டதிலிருந்து பிப்ரவரி வரை. பல வாரம் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு என்ற கணக்கில் தொடங்கி, பழைய காரையோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். பூசிய இடத்தில் ஈரக் கோணி போர்த்தி, குறைந்தது ஒரு வாரம் காயவிடாமல் காக்க வேண்டும். மே கடைசியில் அவசரமாகப் பூசினால், ஜூன் மழை அத்தனையையும் கரைத்துக்கொண்டு போய்விடும்.

இப்படிக்கு,
பழங்கட்டடச் சுண்ணாம்பு வேலை செய்வோர்