கழிவறைச் சாவி யாரிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சிறுநீரக நோய்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கல்லடைப்பு, கண்டபடி வாங்கிப் போடும் வலி மாத்திரை என்று காரணங்களை எல்லாம் சரியாகவே சொல்லியிருந்தார்கள். கடைசிப் பத்தியில்தான் எனக்குச் சுருக்கென்றது. "தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள், சிறுநீரை அடக்காதீர்கள்" என்று பெண்களுக்குத் தனியாக ஓர் அறிவுரை. என்னவோ அவர்கள் ஆசைப்பட்டு அடக்குவது போல!

அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் 31 வருடம் சிறுநீரும் ரத்தமும் பார்த்தவள் நான். நிறத்தைப் பார்த்தே கொண்டுவந்தவரின் பிழைப்பை ஓரளவு ஊகித்துவிடுவேன். நல்லெண்ணெய் நிறத்தில் கால் டப்பா வந்தால் பெரும்பாலும் ஜவுளிக்கடை, தீப்பெட்டி ஆபீஸ், நூற்பாலை. எங்கள் விருதுநகர்ப் பக்கத்து வெயிலில் நாள் முழுக்க வேலை பார்த்தும் அவ்வளவுதான் வரும்.

ஒரு மே மாதம் வந்த பெண் இன்னும் நினைவில் இருக்கிறாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம், ஜவுளிக்கடையில் வேலை. சீட்டில் நீர்க்கடுப்பு, குளிர் காய்ச்சல், முதுகு வலி என்று டாக்டர் எழுதியிருந்தார். சூடு பிடித்துக்கொண்டது என்று வீட்டில் பார்லிக் கஞ்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்; கால் பெருவிரல் நகத்தில் தடவிய சுண்ணாம்பு அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. நுண்ணோக்கியில் வைத்தால் சீழ் அணுக்கள் எண்ணி மாளவில்லை. அந்த வருடத்தில் அது மூன்றாவது தடவையாம். "தண்ணீர் குடிக்க மாட்டாயா அம்மா?" என்று கேட்டேன். "காலையில் ஒரு டம்ளர் காப்பியோடு சரி, அக்கா. குடித்தால் போக வேண்டுமே" என்றாள். மூன்று மாடிக் கடையில் பெண் ஊழியர்களுக்கு ஒரே கழிவறை, அதுவும் மொட்டை மாடியில். சாவி சூப்பர்வைசர் மேசையில் இருக்கும். அந்த மனிதரிடம் போய்க் கேட்டு, நோட்டில் நேரம் எழுதிவிட்டுப் போக வேண்டும். ஒரு நாளில் இரண்டாவது தடவை போய் நின்றால் ஏற இறங்கப் பார்ப்பாராம். மாதவிலக்கு நாட்களைப் பற்றி நான் கேட்கவில்லை, கேட்காமலே தெரிந்தது.

இதற்குள் இருக்கும் உடற்கூறு ரொம்பச் சாதாரணம். ஆணுக்குச் சிறுநீர்த் தாரை, அதாவது பையிலிருந்து சிறுநீர் வெளியே வரும் குழாய், சுமார் 20 சென்டிமீட்டர் நீளம், பெண்ணுக்கு 4 சென்டிமீட்டர்தான். மலக்குடலில் குடியிருக்கும் ஈ.கோலை போன்ற கிருமிகள் அந்தச் சிறு தூரத்தைச் சுலபமாகக் கடந்து சிறுநீர்ப் பைக்குள் போய்விடும். போதுமான தண்ணீர் குடித்து, சில மணிக்கு ஒரு முறை கழித்தால் வந்த கிருமி அடித்துக்கொண்டு வெளியே போய்விடும். காலை எட்டரைக்குக் கிளம்பி இரவு வரை ஒரே ஒரு முறை போகிறவளுக்கு அந்தக் கழுவல் நடப்பதில்லை. பையில் பெருகிய கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்தைத் தொட்டால்தான் குளிர் காய்ச்சலும் முதுகு வலியும். ஒரு நாள் அடக்கினால் சிறுநீரகம் போய்விடும் என்று யாரையும் பயமுறுத்த மாட்டேன், அது உண்மையும் இல்லை. ஆனால் கர்ப்பிணிக்கும் சர்க்கரை உள்ளவருக்கும் இந்தத் தொற்று விளையாட்டல்ல. தண்ணீரே குடிக்காத உடம்பில் கல் சேர்வது தனிக் கதை.

வலி மாத்திரையைக் கட்டுரை தனிக் காரணமாக எழுதியிருந்தது. எனக்கு அது இதே கதையின் அடுத்த அத்தியாயமாகத் தெரிகிறது. பத்து மணி நேரம் நின்றே வேலை செய்தால் கால் வலிக்காமல் என்ன செய்யும்? மெடிக்கலில் டைக்ளோபினாக் வாங்கிப் போடுகிறார்கள். தண்ணீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை இன்னும் குறைத்துவிடும். எப்போதோ ஒரு நாள் என்றால் பெரும்பாலும் தாங்கும். மாதக்கணக்கில் என்றால் ஆபத்து. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் நம் சட்டமன்றம் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் அதற்கு முன்பே, 2018-இல் செய்துவிட்டது. இங்கே நான் போகும் கடைகளில் நாற்காலி உண்டு. பெரும்பாலும் அதில் சேலைக் கட்டு உட்கார்ந்திருக்கும்.

தொழிற்சாலைக்கு இதைவிடப் பழைய விதி உண்டு. வேலை நேரம் முழுவதும் தொழிலாளி எளிதில் போகக்கூடிய இடத்தில் கழிவறை இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதினார்கள். பூட்டும் நோட்டும் அதில் எங்கே வருகின்றன என்று எனக்குத் தெரியவில்லை. உப்பளத்தில் பூட்டுக்குக்கூட வழியில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் மறைவே இல்லாத வெள்ளைப் பாத்தியில், கொளுத்தும் வெயிலில் பெண்கள் தாகத்தை அடக்கிக்கொண்டுதான் உப்பு வாருகிறார்கள்.

மற்றவரைச் சொல்வானேன், எங்கள் ஆய்வக வாசலிலேயே இந்தக் கூத்து நடந்தது. "முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுங்கள்" என்று டப்பாவை நீட்டுவோம். வாங்கிய பெண் டப்பாவோடு அப்படியே நிற்பார். வெளிநோயாளிகள் கழிவறை பூட்டிக் கிடக்கும். தண்ணீர் வரவில்லை என்பார்கள், துப்புரவுக்கு ஆள் இல்லை என்பார்கள். சிறுநீர் பரிசோதிக்கும் இடத்தில் சிறுநீர் கழிக்க இடம் இல்லை! சிலர் வேப்பமரத்துக்குப் பின்னால் போய்ப் பிடித்துவந்தார்கள். மண்ணும் தூசியும் விழுந்த அந்தச் சிறுநீரைக் கல்ச்சர் வைத்தால், அதாவது கிருமியை வளர்த்துப் பார்த்தால், எந்தக் கிருமி உடம்பினுடையது, எது மரத்தடியினுடையது என்று யார் சொல்வது? ஊழியர் கழிவறைச் சாவியை என் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு கேட்காமலே கொடுக்க ஆரம்பித்தேன். இரண்டு முறை விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மூன்றாவது வரவில்லை, மேலதிகாரியின் மனைவிக்கு ஒரு நாள் அந்தச் சாவி தேவைப்பட்டது.

மூன்று லிட்டர் விஷயத்தில் ஒரு திருத்தம். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களும் இதய நோயாளிகளும் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் குடித்தால் கால் வீங்கி மூச்சு வாங்கும். எல்லோருக்கும் ஒரே கணக்கு அச்சிடாதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். "கிரியாட்டினின் நார்மல்" என்று சீட்டை மடித்து வைத்துவிடுகிற சர்க்கரை நோயாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வடித்து வெளியேற்றும் ரத்தக் கழிவு; சிறுநீரகம் பாதி பழுதாகும் வரை அந்த எண் ஏறாமலே இருக்கலாம். சிறுநீரில் புரதம் ஒழுகுவது அதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும். வருடம் ஒரு முறை அதைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, டாக்டரிடம் போகுமுன் உங்கள் நிருபரை ஊரில் பெரிய ஜவுளிக்கடைகள் நாலுக்கு அனுப்புங்கள். பெண் ஊழியர் கழிவறை எத்தனையாவது மாடியில் இருக்கிறது, சாவி யார் கையில், நோட்டில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டு அப்படியே போடுங்கள். பெண் நிருபராக இருந்தால் நல்லது. தண்ணீர் பாட்டிலோடு போகட்டும், அவருக்கும் தேவைப்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
விருதுநகர் மாவட்டம்.