சியாங் மாய்க்குப் போன இரவு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு சமாதானமானது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். சின்னவளுக்கு வேலை கிடைத்ததில் எனக்கும் ரொம்பச் சந்தோஷம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "இந்த வயசில், தெரியாத நாட்டில், தனியாக, ராத்திரி ரயிலிலா?" என்று எழுதியிருந்தாய். டிக்கெட் எடுத்த பிறகும் நான் இதையேதான் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரயிலைத் தேர்ந்தெடுத்தது பணத்துக்காகத்தான். தாய்லாந்துத் தலைநகர் பாங்காக்கிலிருந்து வடக்கே இருக்கும் சியாங் மாய் நகரம் ரயில் பாதையில் 751 கிலோமீட்டர். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம், ரயிலில் பன்னிரண்டரை மணி நேரம். மலிவு விமானத்தில் சில நாள் ரயில் விலைக்கே டிக்கெட் கிடைக்கும். ஆனால் பெட்டிக்குத் தனிக் காசு, விமான நிலையம் போய்வரத் தனிக் காசு, அன்று ராத்திரி தலை சாய்க்க அறை வாடகை. ரயிலில் இரண்டாம் வகுப்பு ஏசி படுக்கை, அவர்கள் பணத்தில், சுமார் 1,000 பாட். படுக்கையும் பயணமும் ஒரே காசில் முடிந்துவிடும்.

உன்னிடம் இருக்கும் வழிகாட்டிப் புத்தகம் பழையது என்றாயே, அதில் ஹுவா லம்போங் நிலையம் என்று போட்டிருந்தால் நம்பிப் போய்விடாதே. 2023 ஜனவரி 19 முதல் தூர ரயில்களெல்லாம் குருங் தேப் அபிவாட் என்கிற புதிய நிலையத்திலிருந்துதான் புறப்படுகின்றன. பாங் சூ மெட்ரோவில் இறங்கினால் அப்படியே உள்ளே நடந்துவிடலாம். நான் மாலை ஐந்தரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். சரியாக ஆறு மணிக்குத் தேசிய கீதம் ஒலித்தது. சூட்கேஸ் தள்ளிக்கொண்டு போனவர்கள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து அசையாமல் நின்றார்கள். நானும் நின்றேன். காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் அந்த நாட்டில் இது வழக்கம். நீயும் எழுந்து நில்.

ரயிலின் பெயர் உத்தராவிதி. வடக்கு வழி என்று பொருள். நமக்குத் தெரிந்த உத்தரமும் வீதியும்தான் அங்கே அப்படி ஒலிக்கின்றன! 2016ல் வந்த பெட்டிகள், சுத்தமாக இருந்தன. படுக்கைகள் சைடு பெர்த் மாதிரி ரயிலின் நீளவாக்கில், நடைபாதைக்கு இரண்டு பக்கமும் இருக்கும். பகலில் எதிரெதிர் இருக்கை. இரவில் பணியாளர் வந்து இரண்டு இருக்கைகளையும் இழுத்துச் சேர்த்துக் கீழ்ப் படுக்கையாக்குவார். சுவரோடு மடித்து வைத்திருக்கும் மேல் படுக்கையையும் இறக்கிவிடுவார். துவைத்த விரிப்பு, தலையணை, போர்வை, மறைக்க ஒரு திரை. ஏசி பலமாக இருக்கும், உன் சால்வையை மறக்காதே.

என் பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ரயிலில் பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் என்று ஒரு பெட்டி உண்டு. அதில்தான் இடம் பிடித்திருந்தேன். 2014ல் அங்கே ஓர் இரவு ரயிலில் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். பதின்மூன்று வயசு. நாடே கொதித்துப்போனது. அதற்குப் பிறகுதான் பெண்கள் பெட்டி வந்தது; ரயிலிலும் நிலையங்களிலும் மது கூடாது என்ற தடையும் வந்தது. திரையை இழுத்துவிட்டுப் படுத்தபோது அந்தக் குழந்தையை நினைத்துக்கொண்டேன். நான் பத்திரமாகப் படுத்திருப்பதற்கு யார் என்ன விலை கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்க நினைக்கத் தொண்டை அடைத்தது. அப்புறம் தூங்கிவிட்டேன். நல்ல தூக்கம், வீட்டில் தூங்குவது போல.

செய்த தப்பு ஒன்றுதான். நூறு பாட் மிச்சம் பிடிக்க மேல் படுக்கையை எடுத்துவிட்டேன். மேலே ஜன்னல் கிடையாது, அகலமும் குறைவு. ஏணியில் இறங்கும்போது முழங்கால் என்னைத் திட்டியது. உன் முழங்காலைப் பற்றி எனக்குத் தெரியும். லோயர் பெர்த்துக்கு அந்த நூறைக் கொடுத்துவிடு.

விடியற்காலையில் ரயிலின் சத்தம் மாறியதில் விழித்துக்கொண்டேன். கீழே ஒரு கல்லூரி மாணவி, லீவுக்கு ஊர் போகிறவள், ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் காலை மடக்கிக்கொண்டு ஜன்னலோரம் இடம் கொடுத்தாள். வெளியே ஒரே இருட்டு, குன் தான் சுரங்கப் பாதை. 1,352 மீட்டர். 1907ல் தொடங்கி 1918ல் முடித்தார்கள். வேலையை நடத்தியவர் ஐசன்ஹோஃபர் என்ற ஜெர்மன் பொறியாளர். நடுவில் முதல் உலகப் போர். 1917ல் சியாம் (தாய்லாந்தின் அன்றைய பெயர்), ஜெர்மனி மீது போர் அறிவித்தது. மலையைக் குடைந்துகொண்டிருந்த ஜெர்மானியர்களைக் காவலில் வைத்துவிட்டார்கள். மிச்ச வேலையை அவர்கள் இல்லாமலே முடித்தார்கள். பிற்காலத்தில் ஐசன்ஹோஃபர் சியாமுக்கே திரும்பி வந்தார். அவர் நினைவுச் சின்னம் இன்றும் சுரங்க வாயிலில் நிற்கிறது. போகும் முன்பே இதைப் படித்திருந்ததால் அந்த இருட்டு எனக்கு வெறும் இருட்டாக இல்லை.

வெளியே வந்ததும் குன் தான் நிலையம், 578 மீட்டர் உயரத்தில். ஆகஸ்ட் மாதம், ராத்திரி மழை பெய்திருந்தது. மூங்கில் புதர்களுக்கு மேல் மேகம் படிந்து கிடந்தது. அந்தப் பெண்ணுக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவள் மொழி தெரியாது. வழியில் ஒரு வெள்ளைப் பாலம் வந்தபோது என் தோளைத் தொட்டுக் காட்டினாள். லம்பூன் தாண்டி ஏழே காலுக்குச் சியாங் மாய்.

நீ டிசம்பரில் போவதாகச் சொல்கிறாய். அது அங்கே குளிர்காலம், கூட்டமும் அதிகம். லோயர் பெர்த்தான் முதலில் தீரும், பெண்கள் பெட்டியில் இன்னும் சீக்கிரம். ஒரு விஷயம், டிசம்பரில் சூரியன் தாமதமாகத்தான் எழும். இதே ரயிலில் போனால் குன் தானை இருட்டில் தாண்டிவிடுவாய். பாங்காக்கிலிருந்து இரவு எட்டு மணி வாக்கில் கிளம்பும் அடுத்த ரயிலைப் பார். பெட்டிகள் கொஞ்சம் பழசுதான், ஆனால் குன் தான் மலைப்பகுதி வெளிச்சத்தில் வரும். உனக்கு எது முக்கியம் என்று முடிவு பண்ணிக்கொண்டு தேதியை எழுது.

அன்புடன்,
உன் தோழி