வாலண்டியர்கள் ஏன் நிக்கறதில்ல?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தாராவில சாயங்கால ட்யூஷன் நடத்துற ஒரு சின்ன ட்ரஸ்ட்ல கோஆர்டினேட்டரா வேல பாக்கறேன். இந்தக் காலத்துப் பசங்களுக்கு சேவை மனசே இல்ல, வர்றாங்க, போட்டோ எடுத்துக்கறாங்க, போயிடறாங்கன்னு மும்பைல நம்ம ஆளுங்க கூட்டம் எங்க போனாலும் காதுல விழுது, கேக்கறப்பல்லாம் ரொம்ப கஷ்டமா இருக்கு.

ஏன்னா வர்ற பசங்க நல்ல மனசோடதான் வர்றாங்க. செம்பூர், முலுண்டுல இருந்தெல்லாம் ஆபீஸ் முடிச்சு லோக்கல்ல நசுங்கி சயான்ல இறங்கி நடந்து வர்றாங்க. வந்தவங்களுக்கு நாம என்ன குடுக்கறோம்? ஒரு டி-ஷர்ட். இன்னைக்கு அஞ்சாம் க்ளாஸ எடுங்க, அடுத்த வாரம் மூணாம் க்ளாஸ், அதுக்கடுத்த வாரம் க்ளாஸே இல்ல, பேனர் கட்டணும், ஸ்பான்சர் வர்றாங்க. யார் எந்தப் புள்ளைக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்கன்னு ஒரு நோட்டுகூட இருக்காது. தான் வந்ததால என்ன நடந்துச்சுன்னே தெரியாம ஒருத்தர் எத்தன நாள் வருவாரு சொல்லுங்க.

எங்க சென்டர்ல இப்ப ஒரு வாலண்டியருக்கு நாலு பிள்ளைங்கன்னு பிரிச்சு விட்டுட்டோம், வருஷம் பூரா அதே நாலு பேருதான். 1995ல இதே மும்பை குடிசைப் பகுதிகள்ல வேலைய ஆரம்பிச்ச பிரதம்ங்கற கல்வித் தொண்டு அமைப்பு, எழுத்து, வார்த்தை, பத்தி, கதைன்னு படிப்படியா வாசிக்க வெச்சுப் பாக்கற ஒரு எளிமையான சோதனை வெச்சிருக்காங்க, நாடு முழுக்க பிள்ளைங்க எந்த அளவுக்குப் படிக்கறாங்கன்னு பாக்கற அசர் சர்வேலகூட அதத்தான் பயன்படுத்தறாங்க. நாங்களும் அதையே எடுத்துக்கிட்டோம். மாசத்துக்கு ஒரு தடவ வாலண்டியரே உக்காந்து தன்னோட பிள்ளைங்கள வாசிக்க வெச்சு நோட்டுல எழுதிக்கணும், அவ்ளோதான். எழுத்துலயே நின்ன புள்ள பத்திக்கு வந்தத கண்ணால பாத்தவங்க அப்புறம் ஜூலை மழைலகூட லீவு கேக்கறதில்ல, அன்னைக்கு ட்ரெயின் ஓடலன்னா போன்லயாவது வாசிக்கச் சொல்லிக் கேக்கறாங்க.

சம்பளத்துக்கு வேல பாக்கறவங்க கதை வேற. வீடு வீடாப் போயி பிள்ளைங்கள கூட்டிட்டு வர்றது இதே சந்துல இருக்கற அக்காங்கதான், எந்த வீட்டுல அப்பா குடிக்கறாரு, எந்தப் பொண்ண ஸ்கூல விட்டு நிறுத்தப் போறாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும். ப்ராஜெக்ட் மார்ச்ல முடிஞ்சா அவங்க சம்பளமும் நின்னுடுது, அடுத்த பணம் எப்ப வரும்னு ஆபீஸ்லயே யாருக்கும் தெரியல. அந்த நேரத்துல போயி மோட்டிவேஷன் ட்ரெய்னிங் குடுக்கறது எனக்கு அநியாயமாப் படுது. 2013 கம்பெனி சட்டப்படி பெரிய கம்பெனிங்க லாபத்துல 2 சதவீதம் சமூகப் பணிக்கு, அதாவது சிஎஸ்ஆருக்கு, செலவு பண்ணணும், நல்ல விஷயம், ஆனா டேப்லெட் வாங்கித் தர்றேன், செவுத்துக்கு பெயிண்ட் அடிச்சுத் தர்றேன்னு வர்ற அளவுக்கு ஆள் சம்பளம் தர்றேன்னு யாரும் வர்றதில்ல. வெளிநாட்டுப் பணத்துலயும், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல 2020ல வந்த திருத்தத்துக்கு அப்புறம், நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்ப 50 சதவீதத்துல இருந்து 20 ஆக்கிட்டாங்க, ஆபீஸ் ஆளுங்க சம்பளமெல்லாம் அதுக்குள்ளதான் அடங்கணும். திருட்டுத்தனம் நடக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு வைக்கறது புரியுது. ஆனா எங்க வேலைல ஆளுங்கதான வேலையே?

உங்க பேப்பரப் படிக்கற மும்பை தமிழர்கள்ல கம்பெனில சிஎஸ்ஆர் பாக்கறவங்க நிறையப் பேர் இருப்பீங்க. அடுத்த தடவ ஒரு ட்ரஸ்டுக்குப் பணம் ஒதுக்கறப்ப ஃபீல்டு ஒர்க்கர் சம்பளத்த மூணு வருஷத்துக்குச் சேத்துக் கேளுங்கன்னு நீங்களாவே சொல்லுங்க, அவங்களா கேக்க பயப்படறாங்க. ஜூன்ல ஸ்கூல் தொறக்குது, சந்துக்குள்ள போயி பேர் எழுதற வேல அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாகணும்.

இப்படிக்கு,
ஒரு கோஆர்டினேட்டர்,
தாராவி, மும்பை 400 017