டிராகன் தலை ஆடுவது பழுது இல்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். டிராகன் வைத்த சீன மண் டீபாட் வாங்கியவர்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டு எழுதுகிறீர்கள்: மூடிமேல் இருக்கிற தலை லொடலொடவென்று ஆடுகிறதே, உடைந்ததை அனுப்பிவிட்டீர்களா என்று. உடையவில்லை, அது ஆடத்தான் வேண்டும். மூடியின் குமிழை மேகச் சுருள் மாதிரி செய்து அதற்குள் தலையைத் தனித் துண்டாக விட்டிருக்கிறார்கள். டீ ஊற்றச் சாய்த்தால் தன் எடையிலேயே வெளியே எட்டிப் பார்க்கும், நிமிர்த்தினால் உள்ளே போய்விடும். தயவுசெய்து பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள்.

மஞ்சள் ஆற்றை எதிர்த்து நீந்தி டிராகன் வாசலைத் தாண்டிக் குதிக்கும் கெண்டை மீன் டிராகனாக மாறிவிடும் என்பது சீனர்களின் பழங்கதை. அரசாங்கத் தேர்வில் தேறிப் பதவிக்கு வருகிறவர்களை அந்தக் காலத்தில் இந்த மீனோடுதான் ஒப்பிடுவார்கள். கெண்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள், உடம்பு முழுக்க அலை, அலைக்குள்ளிருந்து எழும்பும் மீன், கைப்பிடியாக வளைந்த வால், எல்லாம் அந்தக் கதைதான். 19ஆம் நூற்றாண்டில் ஷாவோ டாஹெங் என்ற கைவினைஞரால் புகழ்பெற்ற வடிவம் இது. நம்மிடம் உள்ள இன்னொரு வகை, திராட்சைக் கொடியில் அணில் ஓடும் கெண்டி, வம்சம் தழைக்க வேண்டும் என்ற வாழ்த்து, அதனால் கல்யாணப் பரிசுக்கு அதை எடுங்கள்.

இவை ஜியாங்சு மாகாணத்தில் தாய் ஏரிக்குப் பக்கத்திலுள்ள யிஷிங் ஊர்ச் சரக்கு. அங்கே மரபான முறையில் சக்கரத்தில் வனைவதில்லை. மண்ணைத் தட்டித் தகடாக்கி, வளைத்து ஒட்டி, 1,100 டிகிரி செல்சியசுக்கு மேல் சுடுவார்கள். ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம்: நம்மிடம் உள்ளவற்றில் உடம்பு அச்சில் எடுத்தது, மிருக உருவங்கள் மட்டும் கையால் செதுக்கி முடித்தவை. முழுக்கக் கையால் செய்தது இந்த விலைக்குக் கிடைக்காது. சீனாவின் சிங் வம்ச அரசர் காலத்துப் பழம்பொருள் என்று யாராவது மலிவாக நீட்டினால் நம்பாதீர்கள், பழைய முத்திரையைப் போலியாகக் குத்துவது இந்தத் தொழிலில் ரொம்ப நாளாக நடக்கிறது.

அப்புறம் பராமரிப்பு. உள்ளேயும் வெளியேயும் மெருகுப் பூச்சு கிடையாது, மண் டீயின் வாசனையை இழுத்துக்கொள்ளும். அதனால் சோப்பு வேண்டவே வேண்டாம். பால், சர்க்கரை, ஏலக்காய் போட்ட நம்ம வீட்டு டீயும் இதில் வேண்டாம், பால் கொழுப்பு மண்ணுக்குள் இறங்கினால் சிக்கு வாடை போகாது. கறுப்பு டீ என்றால் கறுப்பு டீ, ஊலாங் என்றால் ஊலாங், ஒரு கெண்டிக்கு ஒரே வகை. அடுப்பில் வைத்தால் வெடித்துவிடும். கொதிநீர் ஊற்றுமுன் வெந்நீரால் ஒருமுறை அலசிச் சூடாக்குங்கள். வேலை முடிந்ததும் வெறும் வெந்நீரில் கழுவி, மூடியைத் தனியே வைத்துக் காயவிடுங்கள். அலைகளின் இடுக்கில் படியும் கறையை மெல்லிய தூரிகையால் தடவினால் போதும்.

இவ்வளவு சின்னதா என்று கேட்பவர்களுக்கு: இலையை நிறையப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நீர் ஊற்றி, அதே இலையில் ஐந்தாறு முறை இறக்கிக் குடிப்பதற்கான அளவு அது.

மூடியோ மூக்கோ வழியில் உடைந்து வந்திருந்தால் பெட்டியைத் தூக்கிப் போடாமல் படம் எடுத்து அனுப்புங்கள், வேறு கெண்டி அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
கடையிலிருந்து