டிவியின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மஸ்கெலியாவில் தோட்டத்து வரிசை வீடான ஒரு லயத்தில் பிறந்தவள் நான். இப்போது கொழும்பில் துணிக்கடை ஒன்றில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகும் என்னைப் போன்ற பிள்ளைகள், அம்மாவுக்குச் சேலையோடு, டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகி இணையத்தில் படம் பார்க்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கும் வாங்கிப் போகிறார்கள். அதில் நான் இரண்டு முறை பணத்தை விட்டேன். மற்றவர்கள் விடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது கூகுளின் குரோம்காஸ்ட் என்ற ஸ்டிக், பாவித்த பழையது. மலிவாகக் கிடைத்தது. 2013இல் வந்த அந்த முதல் வகைக்கு ரிமோட் கிடையாது. போனிலிருந்தோ கணினியிலிருந்தோதான் படத்தை ஓடவிட வேண்டும். நான் வீட்டில் இருந்த நான்கு நாளும் அம்மா ஆசையாகப் பார்த்தார். நான் பஸ் ஏறியதும் என் போனும் என்னோடு வந்துவிட்டது. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். குரோம்காஸ்டோடு ரிமோட் வந்தது 2020இல்தான்.

அடுத்த பொங்கலுக்கு ரிமோட் உள்ளதாகக் கேட்டேன். கடையில் 4கே மாடலை எடுத்துத் தந்தார்கள். வீட்டில் என்ன டிவி என்று யாரும் கேட்கவில்லை. எங்களுடையது 32 அங்குலம், திரை 1366க்கு 768 புள்ளிகள். 4கே என்றால் 3840க்கு 2160. அந்தத் தெளிவை எங்கள் டிவி காட்டவே முடியாது. சாதாரண எச்டி மாடல் போதுமாக இருந்தது. மிச்சக் காசுக்கு டேட்டா போட்டிருக்கலாம்.

அதைவிட மனதுக்குக் கஷ்டமானது இன்னொன்று. சுவர் பிளக் தூரமென்று அந்த ஸ்டிக்கின் மின் வயரை டிவியின் யுஎஸ்பி துளையிலேயே மாட்டிவிட்டு வந்தேன். பழைய யுஎஸ்பி துளை அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக்கோடு வந்த அடாப்டர் ஒரு ஆம்பியர். மின்சாரம் போதாமல் அது அணைந்து அணைந்து எரிந்திருக்கிறது. தான்தான் கெடுத்துவிட்டேன் என்று பயந்து, அம்மா அதைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டார். மூன்று வாரம் என்னிடம் சொல்லவே இல்லை. அப்புறம் தம்பி எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு அடாப்டரில் மாட்டியதும் சரியாகிவிட்டது.

லயத்துக்கென்று இன்னொரு விஷயமும் உண்டு. சுவருக்குச் சுவர் வீடு, வீட்டுக்கு வீடு ரூட்டர். எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே வைஃபை அலைவரிசையில் நெரிகின்றன. 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கும் மாடலா என்று பெட்டியில் பாருங்கள். ரூட்டரும் அதைத் தர வேண்டும். டேட்டாவையும் கவனியுங்கள். நெட்ஃபிளிக்ஸ் எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை போகும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. தரத்தைக் குறைத்து வைத்தால் 1 ஜிபிக்குள் நிற்கும்.

பக்கத்து வீட்டுச் சித்தியிடம் இன்னும் பழைய பெட்டி டிவிதான். அதில் எச்டிஎம்ஐ துளை இல்லை, சிவப்பு வெள்ளை மஞ்சள் துளைகள்தான். அதற்கு அந்த மூன்று நிற (ஏவி) வயர் மாட்டும் வழி உள்ள பாக்ஸ் வேண்டும், இல்லையென்றால் எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் கருவி ஒன்று தனியாக வாங்க வேண்டும். ஆனால் மலிவென்று பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்காதீர்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் கெட்ட மென்பொருள் முன்கூட்டியே ஏற்றப்பட்டு வருவதாக அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது.

கடைக்காரர்கள் விலையைச் சொல்லுமுன் “வீட்டில் என்ன டிவி?” என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வாங்கப் போகும் பிள்ளைகளே, கடைக்குப் போகுமுன் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி டிவியின் பின்பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

ஒரு வாசகி,
மஸ்கெலியா.