தடித்த கம்பி எல்லாப் பாதைக்கும் பொருந்தாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் வட்டார இளைஞர்கள் சிலர், வளைவுகளில் கார் சாயாதிருக்கப் பின்புற ஆன்ட்டி-ரோல் பாரை, அதாவது இடது, வலது சக்கரங்களின் தாங்கமைப்பை இணைக்கும் கம்பியை, தடித்ததாக மாற்றுகின்றனர். உள்ளே துளையில்லாத முழுக்கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படிக்கேற்ப உயர்வதால், 20 மில்லிமீட்டருக்குப் பதில் 22 மில்லிமீட்டர் பொருத்தினாலே விறைப்பு ஏறக்குறைய 46 விழுக்காடு கூடிவிடுகிறது. முன்சக்கரத்தால் இயங்கும் கார் இதனால் நன்றாகத் திரும்பும் என்பது உண்மையே. ஆனால் மழையில் பின்பக்கம் வழுக்கும் அபாயமும் கூடவே வருகிறது. தோட்டத்துச் செம்மண் பாதையிலோ, ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மறுசக்கரமும் அலைக்கழிகிறது. என் மகனின் காரில் இதைக் கண்டு பழைய கம்பியையே மீண்டும் பொருத்தச் சொன்னேன். தேய்ந்த ரப்பர் புஷ்களையும் அதிர்வைத் தணிக்கும் அப்சார்பரையும் டயர் காற்றழுத்தத்தையும் முதலில் சரிபார்க்குமாறு பட்டறைக்காரர்கள் இளைஞர்களுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தோட்டப்புற வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்